ஊருக்கு வந்து ஐசியு வாசலில் நிற்பவர்களுக்கு

சென்னையோ மதுரையோ, தனியார் மருத்துவமனை ஐசியு நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். மருந்துச் சீட்டு எப்போது வேண்டுமானாலும் வெளியே வரும், ஃபார்மசிக்கு ஓட ஒரு ஆள் தயாராக இருக்க வேண்டும். பில் தினமும் கைக்கு வந்துவிடும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்தான் கேட்காமல் வராது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த அப்பாவுக்கு நாலாம் நாள் காய்ச்சல். சளி கெட்டியாகிறது, ஆக்ஸிஜன் இறங்குகிறது, எக்ஸ்ரேயில் புதுத் திட்டு. சேர்த்து 48 மணி நேரம் கழித்து வரும் நிமோனியா, மருத்துவமனையில் தொற்றியதாகவே கணக்கு. வென்டிலேட்டர் குழாய் தொண்டையில் இருந்தால் இருமி வெளியேற்ற முடியாது. கிருமி கலந்த எச்சில் குழாயைச் சுற்றி ஊதி வைத்திருக்கும் பலூனுக்கு மேலே தேங்கி, ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்கு இறங்கும். அதனால்தான் கட்டிலின் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பது, பல் துலக்கிவிடுவது, தினமும் மயக்க மருந்தைக் குறைத்துத் தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பது எல்லாம். தலைமாடு தாழ்ந்திருந்தால் நர்ஸிடம் கேளுங்கள், தப்பில்லை. படுத்திருப்பவர் வாயில் ஆசையாக ஒரு ஸ்பூன் கஞ்சி ஊற்றுவதுதான் தப்பு. அது நேரே நுரையீரலுக்குப் போகலாம்.

ஆன்டிபயாடிக்கை மாற்றும் முன்பே சளி கல்ச்சருக்குப் போய்விட்டதா என்று கேளுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். நம் ஊர் ஐசியுக்களில் அடிக்கடி வரும் பெயர்கள் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ். ரிப்போர்ட்டின் மருந்துப் பட்டியலில் எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது. பவரான ஆன்டிபயாடிக்கான மெரோபெனெமுக்கும் ஆர் என்றால் பெரும்பாலும் பேச்சு கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினுக்குப் போகும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் எவ்வளவு என்று விடாமல் கேளுங்கள். மெரோபெனெம் போன்ற மருந்துகளை உடைக்கும் என்டிஎம் (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) நொதி உள்ள கிருமிக்கு செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்தோடு அஸ்ட்ரியோனம் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அஸ்ட்ரியோனமை என்டிஎம் உடைக்காது. கூட இருக்கும் மற்ற நொதிகள் உடைக்கும். அவற்றை அவிபாக்டம் தடுக்கும். விலை அதிகம்.

2010-இல் வெளியான ஆய்வில் சென்னையில் எடுத்த என்டிஎம் கிருமிகளும் இருந்தன. நொதிக்கு டெல்லி பெயரை வைத்ததற்கு எழுந்த சத்தம் கிருமிக்கு எழவில்லை.

"இருக்கிறதிலேயே பவரான மருந்து போடுங்க டாக்டர்" என்று நாமே கெஞ்சுவதும் நோயில் பாதி. ரிப்போர்ட் வந்தபின் மெரோபெனெமை நிறுத்திச் சின்ன மருந்துக்கு மாற்றினால் அது நல்ல வைத்தியம், சிக்கனம் அல்ல. நன்றாகத் தேறி வருபவருக்குப் பொதுவாக ஏழு நாள் போதும்.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு எல்லா கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கும் நகல் வாங்குங்கள். எந்த ஆன்டிபயாடிக், எந்தத் தேதி முதல் எதுவரை என்பதும் எழுத்தில் வேண்டும். அப்பாவை லண்டனுக்கு அழைத்துப் போய் அங்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், கடந்த 12 மாதத்தில் வெளிநாட்டு மருத்துவமனையில் இருந்தாரா என்று கேட்பார்கள், மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஆசனவாயில் பஞ்சுக் குச்சியால் ஸ்வாப் எடுப்பார்கள், தனி அறையிலும் வைக்கலாம். அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். இந்தக் கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் குடலில் மாதக்கணக்கில் இருக்கும். வெறுமனே இருப்பதற்கு மருந்து தரமாட்டார்கள்.