பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் கரப்பானுக்கு மருந்து அடிக்க ஆள் தேடுகிறீர்களா?

தண்டையார்பேட்டையிலிருந்து வந்து எங்கள் வீட்டுக்கு மருந்து வைத்த சின்ன சர்வீஸ்காரருக்குத் தாராளமாக ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். என்ன மருந்து என்று கேட்டதுமே டப்பாவைத் திருப்பி லேபிளைக் காட்டினார் பாருங்கள், அதற்கே பாதி மார்க் போட்டுவிட்டேன்.

இதற்கு முன்னால் வந்த கம்பெனி ஆட்கள் பக்கெட்டில் பால் மாதிரி எதையோ கலக்கி சமையல்கட்டு முழுக்க அடித்துவிட்டுப் போனார்கள். வீடெல்லாம் மண்ணெண்ணெய் நெடி, மாமியார் கைக்குழந்தையோடு சாயங்காலம் வரை மொட்டைமாடியில்தான் இருந்தார். பெயர் கேட்டால் "ஹெர்பல்தான் மேடம்", அவ்வளவுதான் பதில்.

இந்த அண்ணன் சொல்லித்தான் விவரம் புரிந்தது. தண்ணீர் பட்டதும் வெள்ளையாக மாறுவது ஈசி (லேபிளில் EC என்று போட்டிருக்கும்) வகை, மருந்தை எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்து வைத்திருப்பார்கள், அந்த நெடி பெரும்பாலும் கரைப்பானுடையது, நெடி அதிகம் என்பதால் மருந்து வீரியம் என்று அர்த்தமில்லை. எங்கள் வீடு பழைய சுண்ணாம்புச் சுவர், ஈசி அடித்தால் சுவரே உறிஞ்சிக்கொள்ளும், கரப்பான் காலில் ஒட்ட மேலே ஒன்றும் மிஞ்சாது. எஸ்சி (லேபிளில் SC) வகையில் மருந்து நுண்ணிய துகளாக மிதக்கிறது, காய்ந்த பிறகும் சுவர் மேலேயே நிற்கும், நெடியும் குறைவு. ஆனால் அடியில் தங்கிவிடும் என்பதால் பாட்டிலை நன்றாகக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும், அவரும் குலுக்கிவிட்டுத்தான் அளந்தார்.

சமையல்கட்டில் ஸ்ப்ரேயே வேண்டாம் என்றுவிட்டார். இமிடாக்ளோப்ரிட் என்ற பூச்சிமருந்து 2.15 சதவீதம் இருக்கும் ஜெல், கதவுக் கீல், சிங்க் அடி, ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம் என்று கடுகளவு கடுகளவாகப் பொட்டு வைத்தார். தின்ற கரப்பான் பொந்துக்குள் போய்ச் சாகும், அதன் எச்சத்தைத் தின்பதும் சாகும். "அக்கா, பொட்டு வெச்ச இடத்துல ஸ்ப்ரே, ஃபினாயில் எதுவும் வேணாம், வாடை பட்டா கரப்பான் கிட்ட வராது" என்று இரண்டு தடவை சொன்னார். சின்னக் கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டுக்குள் 30, 40 முட்டை இருக்கும், மருந்து அதற்குள் போகாது, அதனால் குஞ்சு பொரித்த பிறகு மறுபடி வந்து வைக்க வேண்டும் என்றார். காசு கேட்காமல் வந்தும் வைத்தார். இப்போது ராத்திரி லைட் போட்டால் ஒன்றுகூட ஓடுவதில்லை.

யார் வந்தாலும் டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்புதான் கடும் விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. வேறு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், குழந்தை இருக்கிற வீட்டில் இதில் தாட்சண்யமே கூடாது.

அரை மார்க் குறைத்தது பில்லுக்காக. மருந்துப் பெயரும் அளவும் எழுதித் தரச் சொன்னேன், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றவர் இன்னும் அனுப்பவில்லை. அடுத்து வாசக்கால் கரையானுக்கு அவரையே கூப்பிட்டிருக்கிறேன், சுவரோரம் தரையில் அடிக்கொரு துளை போட்டு இமிடாக்ளோப்ரிட் 30.5 சதவீத எஸ்சி கலந்து ஊற்றுவாராம். முடிந்ததும் அதையும் எழுதுகிறேன்.