இடைசெவல் நிக்காது

14 வருஷமாக சிங்கப்பூர் பஸ்ஸில் சிவப்புப் பொத்தானை அழுத்தி இறங்கிப் பழகிவிட்டேன். அழுத்தினால் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். அந்த நினைப்போடு திருநெல்வேலியில் மதுரை பஸ் ஏறினது என் தப்புதான்.

"இடைசெவல் நிக்காது. கோவில்பட்டிக்கு டிக்கெட் எடுத்துக்கிடுங்க."

"எழுத்தாளர் கி. ராஜநாராயணன், அதான் கி.ரா. ஊருண்ணே. ரோட்டு ஓரம்தானே?"

"எந்த ஊரா இருந்தாலும் ஸ்டாப்பிங் கிடையாது சார். ஏறும்போதே கேட்கணும்ல."

கோவில்பட்டிக்கு முழு டிக்கெட் எடுத்தேன். கயத்தாறு தாண்டியதும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். இடைசெவல் வந்தது, போனது. ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட இல்லை. கு. அழகிரிசாமிக்கு 1970, கி.ரா.வுக்கு 1991 என்று இரண்டு சாகித்ய அகாடமி விருது வாங்கிய சின்ன கிராமம் அது. ஆந்திரத்திலிருந்து பிழைக்க ஓடிவந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய தெலுங்கு சனங்களின் கதையை கி.ரா. இந்த மண்ணை வைத்துத்தான் எழுதினார். கரிசல் பேச்சுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். 2021 மே மாதம் புதுச்சேரியில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஸ்டாப்பிங் மட்டும் கிடையாது!

கோவில்பட்டியில் டவுன் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். எத்தனை நிமிஷத்தில் வரும் என்று செல்போனைத் தடவிப் பார்க்கிற பழக்கம் வேறு. பக்கத்தில் இருந்தவர், "வரும்போது வரும்" என்றார். வந்தது.

அப்புறம்தான் வேறு உலகம். கூடைகள், தூக்குவாளிகள், கட்டணமில்லாமல் ஏறிய பெண்கள். "கி.ரா. வீட்டுக்கா?" என்று கண்டக்டரே கேட்டார். எப்படித் தெரிந்தது? என் தோள்பையும் தொப்பியும் சொல்லியிருக்கும். பக்கத்து சீட்டுப் பாட்டி விடவில்லை. "யாரு வீட்டுக்கு வந்திருக்கீக? எந்தூரு? அங்கன மழை உண்டா?" சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுக்காரர் இத்தனை வருஷத்தில் இதில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. நிறுத்தத்துக்கு முன்னாலேயே, தெரு முக்கில் விசிலடித்து இறக்கிவிட்டார்கள்.

திரும்பும்போது ரோட்டோரம் நின்று கை காட்டினேன். அஞ்சு பஸ் நிற்காமல் பறந்தது. ஆறாவதாக அதே டவுன் பஸ், அதே கண்டக்டர். "பார்த்தாச்சா?" என்றார்.