குண்டு நாய்க்கு மருந்தா, அளந்த சாப்பாடா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் லாப்ரடார் ராணியைத் தடவினால் விலா எலும்பே தட்டுப்படவில்லை. முதலில் மருந்தைத்தான் யோசித்தேன்.

2007-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸ்லென்ட்ரால் என்ற எடை குறைப்பு மருந்து நாய்களுக்கென்றே வந்தது. குடலிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் சேர்வதைத் தடுத்து, பசியையும் மட்டுப்படுத்தும். வாந்தி, பேதி வரலாம். நிறுத்தினால் பசி திரும்பிவிடும். பின்னாளில் விற்பனையும் நின்றுபோனது. மனிதர் மருந்தைப் பிரித்துக் கொடுக்க நினைக்கவே கூடாது.

அளந்து போடுவது மெதுவான வழி. வாரம் உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தாலே நல்லது. எனக்கு இதுதான் சரியாகப் பட்டது. எடை கூடியதற்குத் தைராய்டு காரணமா என்று சோதனை முடித்து, உணவைத் தராசில் நிறுத்துப் போடுகிறேன். ஆயாதான் ரொட்டி சுடும்போதே ஓரத்தைக் கிள்ளி நீட்டுவார்: “பாவம்டா, பார்க்குது!” அப்புறம் பேசிப் பேசி, இப்போது கேரட் துண்டு நீட்டுகிறார்.