ரீஃபண்ட் வாங்க சிம்மக்கல் போன கதை

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு வருமான வரி ஒரு வேலையே இல்லை. சம்பளக் கணக்கைக் கம்பெனியே ஐராஸ் என்ற வரித் துறைக்கு அனுப்பிவிடும். மார்ச் மாதம் சிங்பாஸ் என்ற அரசு லாகினில் உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் நிரம்பியிருக்கும். பலருக்கு, நீங்கள் எதுவும் தாக்கல் செய்ய வேண்டாம் என்று கடிதமே வந்துவிடும். வரியையும் ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாக, 12 மாதத் தவணையாக, வட்டியில்லாமல் கழித்துக்கொள்வார்கள். இந்தச் சொகுசில் பழகிப்போனவனுக்கு ஊரில் ஒரு என்ஆர்ஓ டெபாசிட், அதாவது வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய ரூபாய் டெபாசிட், இருந்துவிட்டால் போதும், வரிக் கணக்குப் போடும் ஜூலை வந்தாலே தூக்கம் போய்விடும்.

கணக்கு நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊரில் குடியிருப்பவர் என்றால் வரி வராது என்று படிவம் எழுதிக் கொடுத்துவிட்டு வரிப் பிடித்தம் இல்லாமல் வட்டி வாங்கலாம். நமக்கு அது கிடையாது. வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம் பிடிப்பார்கள், செஸ் என்ற கூடுதல் வரி சேர்த்து 31.2. இரண்டு லட்சம் வட்டி வந்தால் 62,400 ரூபாய் போய்விடும். இந்தியாவில் வேறு வருமானம் இல்லாதவனுக்குக் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனால் வரிக் கணக்கு, அதாவது ரிட்டர்ன், போட்டால்தான் பிடித்த பணம் ரீஃபண்டாகத் திரும்பி வரும்.

அப்பா இருந்தவரை இந்தத் தொல்லை எனக்குத் தெரியாது. ஆடிட்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சரல் என்ற பழைய வரிப் படிவத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு மதுரை பி.பி.குளம் வருமான வரி ஆபீஸில் கியூவில் நின்று, சீல் குத்திய நகலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வருவார். ஒரு நாள் வேலை. வெயிலைத் திட்டிக்கொண்டே வருவார், ஆனால் வேலை முடிந்திருக்கும்.

நான் 2023-ல் சிங்கப்பூரில் இருந்தபடியே ஒரு வரி மென்பொருள் தளத்தில் காசு கட்டித் தாக்கல் செய்தேன். பெயர் வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று தனி பிளான், தனி விலை. ரிட்டர்ன் போடும் வேலை சுத்தமாக நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நமக்கு ஐடிஆர்-1 படிவம் கூடாது, ஐடிஆர்-2 தான் என்று அதுவே எடுத்துக்கொண்டது. 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்தப் பட்டியலில் இருந்த பிடித்தம் தானாக வந்து உட்கார்ந்தது.

சரிபார்ப்புக்கு ஓடிபி மட்டும் அம்மாவின் பட்டன் ஃபோனுக்குப் போனது. ஆதாரில் இருப்பது ஊர் நம்பர், அந்த சிம் அம்மாவிடம். இந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டுத் தமிழர் வீடு இருக்கிறதா என்ன? ஓடிபிக்கு ஆயுள் பதினைந்து நிமிஷம். அம்மா கண்ணாடியைத் தேட அதில் பாதி போகும். "நாலு... அப்புறம் முட்டை... தம்பி, இதுக்கு மேல ரீசார்ஜ் பண்ணச் சொல்லி இங்கிலீசுல வந்து மறைச்சிருச்சுய்யா" என்பார். எப்படியோ முடிந்தது. ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் இதை முடிக்காவிட்டால் தாக்கலே செல்லாமல் போகலாம், அல்லது தாமதத் தாக்கலாகிவிடும். அதனால் அந்த ஃபோனை ரீசார்ஜ் செய்ய மறக்காதீர்கள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். ரிட்டர்ன் பிராசஸ் ஆகி, ரீஃபண்ட் உறுதியாகி, பணம் கிளம்பி, பாதி வழியில் நின்றுவிட்டது. வங்கிக் கணக்கு சரிபார்க்கப்படவில்லை, அதனால் ரீஃபண்ட் தோல்வி என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. கணக்கைச் சரிபார்க்கப் போனால் பெயர் பொருந்தவில்லை என்று வந்தது.

பெயர் எப்படிப் பொருந்தும்? நம் ஊரில் எவனுக்குப் பொருந்தியிருக்கிறது? பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து என் பெயருக்கு முன்னால் நிற்கிறது. பாஸ்போர்ட்டில் அதே அப்பா சர்நேம் என்ற கட்டத்தில் தனியாகக் குடியிருக்கிறார். வங்கிப் பாஸ்புக்கில் ஒற்றை எழுத்தாக என் பெயருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கிறார். மூன்றும் நான்தான் என்பது மதுரையில் பெட்டிக்கடைக்காரருக்குக்கூடப் புரியும். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

காசு கட்டிய தளத்தில் உதவி கேட்டேன். அங்கே ஓர் அரட்டைப் பெட்டி இருக்கிறது. நான் என்ன எழுதினாலும் முதலில் பிரவுசர் கேஷை அழிக்கச் சொல்லும். அழித்தேன் என்றால் வேறு பிரவுசரில் முயலச் சொல்லும். அதுவும் ஆச்சு என்றால் பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்று கேட்கும். இணைந்திருக்கிறது. ஜூலை 2023-லிருந்து இணைக்காத பான் செயலிழந்துபோன கூத்தில் எத்தனை பேர் மாட்டினார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் முன்னாடியே முடித்துவிட்டேன். அதைச் சொன்னால் மறுபடியும் கேஷை அழிக்கச் சொல்லும்.

கடைசியில் ஒரு நிபுணர் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் மிக மரியாதையாகப் பேசினார். அப்பா பெயர் எப்படி உங்கள் சர்நேம் ஆகும், உங்கள் குடும்பப் பெயர் என்ன என்றார். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், பான் கார்டைத் திருத்திவிடுங்கள் என்றார். பானைத் திருத்தினால் ஆதாரோடு இடிக்கும், பாஸ்போர்ட்டோடு இடிக்கும், அதை வைத்து வாங்கிய சிங்கப்பூர் வேலை பாஸோடு இடிக்கும் என்றேன். அவை எங்கள் சேவைக்குள் வராது என்றார். ரிட்டர்ன் வெற்றிகரமாகத் தாக்கலாகிவிட்டதால் என் கோரிக்கை தீர்க்கப்பட்டதாக மூடப்பட்டது. ஐந்து நட்சத்திரம் கேட்டு உடனே மெசேஜ் வேறு.

வருமான வரித் துறைக்கே போன் செய்யலாமே என்பீர்கள். 1800 103 0025, 1800 419 0025 இரண்டும் இலவச எண்கள், வெளிநாட்டிலிருந்து போகாது. நமக்கு +91 80 46122000 என்று பெங்களூரு எண் இருக்கிறது. வங்கி பக்கம் பெயரைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்பது அங்கே கிடைத்த பதில். சரியான பதில்தான். ஆனால் அந்த வங்கி மதுரையில் இருக்கிறது.

ஆகவே 2024 ஜூலையில் ஊருக்கு வந்த பயணத்தில் கல்யாணம், காதுகுத்து, கொடைக்கானல் எல்லாம் இருந்தாலும் என் மண்டைக்குள் இருந்தது அந்த 62,400 ரூபாய் மட்டும்தான்.

வங்கிக் கிளையில் டோக்கன் மிஷின் வைத்திருக்கிறார்கள், ஏசி இருக்கிறது, அதெல்லாம் முன்னேற்றம். டோக்கனை எடுத்துக்கொண்டு கவுண்டர் முன்னால் கூட்டமாக நிற்பது மட்டும் மாறவில்லை. கவுண்டரில் இருந்த அம்மா என் தாள்களைப் பார்த்துவிட்டு, "பேரு மாத்தணுமா? கெஜட் காப்பி கொண்டாங்க சார்" என்றார். என் பெயரை நான் மாற்றவே இல்லை, இன்ஷியலை விரிக்கத்தான் கேட்கிறேன் என்றேன். "சிஸ்டத்துல ஒரு எழுத்து மாறுனாலும் பேர் மாற்றம்தான் சார்." அரசிதழில் விளம்பரம் கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்வதெல்லாம் நியூமராலஜி பார்க்கிறவர்கள் செய்வது. பிறந்ததிலிருந்து ஒரே பெயரோடு இருக்கிறவன் எதற்காகச் செய்ய வேண்டும்? சிங்கப்பூர் வங்கியாக இருந்தால், என்று மனதுக்குள் ஆரம்பித்தேன். அங்கேயும் கார்டில் இருக்கும் அப்பா பெயரைச் சொல்லித்தான் இருபது வருஷமாக என்னைக் கூப்பிடுகிறார்கள் என்பது ஞாபகம் வர, அந்த ஒப்பீட்டை விட்டுவிட்டேன்.

எதற்கும் எல்லாவற்றையும் ஒரு செட் ஜெராக்ஸ் கொண்டு வாங்க என்று அனுப்பிவிட்டார். அதற்காகத்தான் சிம்மக்கல் போனேன்.

பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்று ஜெராக்ஸ் கடையாகி, அப்புறம் பிரவுசிங் சென்டராகி, இப்போது "ஆன்லைன் சேவைகள்" என்ற போர்டோடு நிற்கிறது. ஓரத்தில் தூசி படிந்த தமிழ் டைப்ரைட்டர் இன்னும் இருக்கிறது. பட்டா, வில்லங்கம், மின் கட்டணம், பான், இன்கம்டாக்ஸ், எல்லாம் ஒரே மேஜையில் நடக்கிறது. அறுபதை ஒட்டிய மனிதர், லுங்கி, நெற்றியில் திருநீறு. ஜெராக்ஸ் போடக் கொடுத்த தாள்களை மிஷினில் வைக்காமல் படிக்க ஆரம்பித்துவிட்டார். வெளிநாட்டில் யாராவது என் ஆவணங்களை இப்படிப் படித்திருந்தால் தனியுரிமை என்று சண்டைக்குப் போயிருப்பேன்.

பாஸ்புக்கின் முதல் பக்கத்தை மேஜையில் விரித்தார். அதன் மேல் பான் நகலை வைத்து, பெயர் இருக்கும் வரி மட்டும் மேலும் கீழுமாகத் தெரிகிற மாதிரி மடித்தார். ஸ்கேலைக் குறுக்கே வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தினார். அரட்டைப் பெட்டியும் நிபுணரும் கேட்காத ஒரு கேள்வியை அப்போதுதான் கேட்டார்: "அண்ணே, இன்கம்டாக்ஸ் சைட்டுல என்ன காரணம் போட்ருக்கு? லாகின் பண்ணிக் காட்டுங்க."

பாஸ்வேர்டை நானே அடித்தேன், அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சொல்லாமலே. ஓடிபி இந்த முறை என் சட்டைப் பையிலேயே வந்தது, அம்மாவின் சிம்மைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். புரொஃபைலில் வங்கிக் கணக்குப் பக்கத்தைத் திறந்து, தோல்வி என்று சிவப்பாக இருந்ததைத் தட்டிப் படித்தார்.

"ரெண்டு தப்பு இருக்குண்ணே. பேரு ஒண்ணு. இன்னொண்ணு, இது என்ஆர்ஓ கணக்கு. இங்கிட்டுப் பாருங்க, சேவிங்ஸ்னு போட்டு ஏத்திருக்காங்க. என்ஆர்ஓக்குத் தனியா லிஸ்ட்டுல இருக்கும். பேரை மட்டும் சரி பண்ணிட்டு வந்தாலும் மறுபடி இழுத்திருக்கும்."

ஏற்றியது காசு வாங்கிய தளம். அங்கே எனக்காக உட்கார்ந்திருந்த நிபுணர் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் சிங்கப்பூருக்கே போன் போட்டிருப்பேன், அந்தத் தளம் சிங்கப்பூரில் இல்லை என்பது தவிர.

வங்கிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "பேர் மாற்றப் பாரத்தைத் தொடாதீங்க. கேஒய்சி புதுப்பிக்கிற பாரம் கேளுங்க. அதுல பான்ல உள்ளபடி பேரை எழுதி, பான் நகல், பாஸ்போர்ட் நகல் வைங்க. பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்குல்ல? அது போதும். கவுண்டர்ல கொடுக்காதீங்க, உள்ள ஆபீசர்கிட்ட கொடுங்க. பதிவு பண்ற மேக்கர் ஏத்துனா மட்டும் பத்தாது, சரிபார்க்கிற செக்கர் ஓகே கொடுக்கணும். கொடுத்துட்டாங்களான்னு நின்னு கேட்டுட்டு வாங்க." ஒரு கடிதமும் தட்டித் தந்தார், "ஐயா, வணக்கம்" என்று தொடங்கி "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள" என்று முடிகிற பழைய பாணியில். அந்த வாக்கியங்களை அப்பாவின் கடிதங்களில்தான் கடைசியாகப் பார்த்திருக்கிறேன்.

மொத்தம் அறுபது ரூபாய். ஜெராக்ஸ் இருபது, கடிதம் நாற்பது. யோசனைக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் கூடக் கொடுக்கப் போனால், "சில்லறை இருக்குண்ணே" என்று மீதியை எண்ணி வைத்துவிட்டு அடுத்த ஆளின் வில்லங்கத்துக்குத் திரும்பிவிட்டார்.

வங்கியில் அவர் சொன்னபடியேதான் நடந்தது. சொன்னபடி என்றால், செக்கர் சாப்பிடப் போனது உட்பட. மேக்கர் இடத்தில் இருந்தது அதே கெஜட் அம்மா. பாரத்தைப் பார்த்தார், "இதை முதல்லயே கொடுத்திருக்கலாமே சார்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. செக்கர் திரும்பி வந்து, சர்வர் போய், சர்வர் திரும்பி வரும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பென்ஷன் வாங்க வந்த பெரியவர் எனக்கு ஒரு முறுக்கு கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார், திருநகர் என்றதும் எந்த ஸ்டாப் என்று கேட்டார். வெளிநாட்டில் இத்தனை நேரம் காக்க வைத்தால் புகார் எழுதுவார்கள். இங்கே குலம் கோத்திரம் வரை பேசி முடித்துவிடுகிறார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் சீக்கிரம்தான். போர்ட்டலில் பழைய கணக்கை எடுத்துவிட்டு என்ஆர்ஓ என்று தேர்ந்து மறுபடி ஏற்றினேன், பச்சையாக வந்தது. சேவைகள் பகுதியில் ரீஃபண்ட் மறுவழங்கல் கோரிக்கையைப் போட்டு, ஆதார் ஓடிபி கொடுத்தேன். நான் ஊரில் இருக்கும்போதே பணம் வந்துவிட்டது. ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீதம் வட்டி உண்டு, ஆனால் தாமதம் நம் பக்கம் என்று கணக்கானால் அந்தக் காலத்துக்கு வட்டி கிடையாது. இன்ஷியல் யார் பக்கம் என்று அவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான ரிட்டர்னை அந்தத் தளத்தில் போடவில்லை. அம்மா வீட்டுத் திண்ணையிலிருந்தே, அரசு போர்ட்டலில் நேரடியாக, காசில்லாமல், ஜூலை 31-க்கு முன்னால் போட்டேன். புதிய வரிமுறை தானாகத் தேர்வாகியிருந்தது, அந்த ஆண்டு அதில் மூன்று லட்சம் வரை வரி இல்லை என்பதால் அப்படியே விட்டேன். தளத்திலிருந்து மட்டும் தள்ளுபடி மின்னஞ்சல் வந்தபடி இருக்கிறது, அதிலும் பெயரை அப்பாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

பாக்கி இருப்பது ஒன்றுதான். இந்தியா–சிங்கப்பூர் ஒப்பந்தப்படி இந்த வட்டிக்கு 15 சதவீதத்துக்கு மேல் பிடிக்க வேண்டியதில்லை. ஐராஸிடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி, ஒப்பந்தச் சலுகை கேட்கும் படிவத்தோடு வங்கியில் கொடுக்க வேண்டும். அடுத்த ஏப்ரலுக்குள் அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன். அந்த கெஜட் அம்மா அதற்குள் மாற்றலாகிப் போய்விடாமல் இருந்தால் நல்லது, இப்போதுதான் என் பெயர் அவருக்குப் பழகியிருக்கிறது.