துரைப்பாக்கம் முதல் மயிலாப்பூர் வரை: வழியில் போன கூலி

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் சென்னை வந்தேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, இரண்டு முறை மறுபரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. வீடு துரைப்பாக்கத்தில், மருத்துவமனை மயிலாப்பூரில். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். மருத்துவர் அம்மாவைப் பொறுமையாகத்தான் பார்த்தார், ஆறு நிமிடம். போய்வர ஆனது மூன்று மணி பத்து நிமிடம்.

முதல் முறை செயலியில் கார் பிடித்தோம். ஏறும்போது காட்டிய 340 ரூபாய்தான் இறங்கும்போதும். எனக்குத் திருப்தி, ஓட்டுநருக்கு எப்படி இருக்கும்? பெருங்குடி தாண்டுவதற்குள் நெரிசலில் நான்கு முறை இன்ஜினை நிறுத்தினார். "ஏசியையும் கொஞ்ச நேரம் அணைக்கிறேன் சார், நின்ற இடத்திலேயே எரிவாயு தீர்கிறது" என்றார். முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து சவாரி ஓட்டியவர், மெட்ரோ வேலை தொடங்கிய பிறகு ஆறு, ஏழோடு வீடு திரும்புகிறாராம். காருக்குக் கட்டும் தவணை அப்படியே இருக்கிறது. நாங்கள் நின்ற நேரத்துக்கு விலை ஒன்று இருந்தது. அதை அவர் தன் பையிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

இதே பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடிச் சுங்கச்சாவடியில் 2021 வரை கட்டணம் வாங்கினார்கள். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அதைத் திட்டியிருக்கிறேன். சிங்கப்பூரில் நெரிசலுக்கே கட்டணம். 1975-இல் நகர மையத்துக்குள் நுழையத் தனிச் சீட்டு வாங்க வைத்தார்கள். 1998-இல் அது மின்னணு முறைக்கு மாறியது. விரைவுச்சாலையில் வண்டிகள் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது கணக்கு. வேகம் குறைந்தால் கட்டணம் ஏறும், சாலை காலியாக இருந்தால் இறங்கும். அங்கேயும் புலம்பல் உண்டு, நானும் புலம்புகிறவன்தான். ஆனால் அந்தக் காசு போவது கார்க்காரனிடமிருந்து. சென்னையில் யாரிடமிருந்து போகிறது என்பது இரண்டாவது பயணத்தில்தான் புரிந்தது.

அன்று அம்மாவைத் தம்பி பைக்கில் முன்னதாகவே அழைத்துப் போய்விட்டான். நான் பஸ்ஸில் போனேன். பக்கத்து இருக்கையில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர், மடியில் தூக்குச்சட்டி. நகருக்குள் குடிசையில் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் அது. வீடு இடம் மாறியது, வேலை மாறவில்லை. மந்தைவெளியில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து வந்தார். எட்டு மணிக்கு முடிக்க வேண்டிய முதல் வீட்டுக்கு எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தால், மூன்றாவது வீட்டுக்காரர்கள் அலுவலகம் கிளம்பிவிடுவார்கள். இரண்டு மாதம் பார்த்துவிட்டு அவர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். மாதம் 2,500 ரூபாய் போயிற்று. பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதால் பயணத்துக்குச் செலவில்லை. "டிக்கெட் காசை மிச்சம் பிடித்தேன், வீட்டை விட்டுவிட்டேன்" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

நெரிசலால் ஆண்டுக்கு இத்தனை கோடி நஷ்டம் என்று யாராவது கணக்குப் போடும்போது, ஐடி பொறியாளரின் மணிக்கூலி அதில் பெரிதாகத் தெரியும். அவருக்கோ மாதச் சம்பளம் குறைவதில்லை; பஸ் நிற்கும்போது மடிக்கணினியைத் திறந்துகொள்கிறார். தூக்குச்சட்டியைத் திறந்து என்ன செய்வது?

மெட்ரோ இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அதில் ஒரு வழித்தடம் இந்தச் சாலையின் மேலேயே சிறுசேரி வரை போகிறது. தூண்களைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது. அவற்றைச் சுற்றியுள்ள தகரத் தடுப்புகளைப் பார்த்தால் போய்விடுகிறது. வேலை நடக்கும் ஆண்டுகளில் பஸ்ஸுக்கு மட்டுமாவது ஒரு தடம் ஒதுக்கியிருக்கலாம். ஒரு காரில் ஒருவர், ஒரு பஸ்ஸில் அறுபது பேர் என்று எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பதில் என்ன நியாயம்?

மத்திய கைலாஷ் வந்ததும் அந்தப் பெண் செல்பேசியை எடுத்து, "வந்துகொண்டே இருக்கிறேன் அம்மா, அடையாறு தாண்டிவிட்டேன்" என்றார். அடையாறு தாண்ட இன்னும் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.