மூர்கேட் வழியில் 313 ரயிலுடன் பதின்மூன்று ஆண்டுகள்

2006 முதல் 2019 வரை வட லண்டனின் பாமர்ஸ் கிரீனிலிருந்து நகர மையத்திலுள்ள மூர்கேட்டுக்கு வேலைக்குப் போய்வந்தேன். அரைமணி நேரப் பயணம். ஏறக்குறைய எல்லா நாளும் வந்தது கிளாஸ் 313 என்ற வகை மின்சார ரயில்தான். இப்போது ஓய்வு பெற்றுவிட்ட அந்த ரயிலை நான் மனதார நேசித்தேன்.

1976-77இல் யார்க் தொழிற்சாலையில் கட்டியவை. செட்டுக்கு மூன்று பெட்டி, மொத்தம் 64 செட். காலை நெரிசலில் இரண்டைக் கோத்து ஆறு பெட்டியாக ஓட்டுவார்கள். மூன்றில் இரண்டு பெட்டிகளுக்கு மோட்டார் உண்டு. அதனால் அடுத்தடுத்து நிலையங்கள் வரும் அந்தப் பாதையில் நின்று கிளம்ப அதற்குச் சிரமமே இருந்ததில்லை.

என் மனதில் நிற்பது டிரேட்டன் பார்க் நிலையம். அதுவரை தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம் (ஏசி). அங்கிருந்து மூர்கேட் வரை சுரங்கத்தில் கம்பி கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போட்ட மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்னோட்டம் (டிசி). ரயில் நின்றதும் ஓட்டுநர் மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும், கூரையிலுள்ள பேன்டோகிராஃபை இறக்கிவிட்டு மின்சாரத்தை மாற்றுவார். காலுக்கடியில் ஓயாமல் கேட்கும் இரைச்சல் சட்டென்று அடங்கும். பேப்பர் புரட்டும் சத்தம்கூடக் கேட்கும். அப்புறம் மறுபடி உறுமல், இருட்டுக்குள் இறக்கம்.

அந்தச் சுரங்கம் 1904இல் திறந்தது. பெரிய ரயில்கள் போகட்டும் என்று 16 அடி விட்டத்தில் குடைந்தார்கள்; ஆனால் அப்படிப்பட்ட ரயில்கள் வந்தது 1976இல், இந்த 313களோடுதான். பக்கச் சுவர் நெருக்கமாக இருப்பதால் ஆபத்தில் பயணிகள் இறங்க ரயிலின் முகப்பிலேயே கதவு வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஓல்ட் ஸ்ட்ரீட்டுக்கு முன்னால் சிக்னலுக்காக நெடுநேரம் நின்றோம். ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் சுவர். அந்தக் கதவு எதற்கு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

குறைகளும் உண்டு. சுரங்கத்தில் பக்கத்து ஆளிடம் பேச முடியாத அளவுக்குச் சத்தம். குளிர்சாதனம் இல்லை, ஜூலையில் வெந்துபோவோம். மூன்று பேர் இருக்கையில் நடுவில் மாட்டினால் தோளைக் குறுக்கியே உட்கார வேண்டும். கழிப்பறை இல்லை. என் பயணத்துக்கு அது பெரிய விஷயமில்லை, வடக்கே தூரத்திலுள்ள ஹெர்ட்ஃபோர்டு போகிறவர்களுக்குத்தான் கஷ்டம். 2015 கடைசிவரை சனி ஞாயிறுகளில் வண்டி மூர்கேட்டுக்கு வராமல் லண்டனின் இன்னொரு நிலையமான கிங்ஸ் கிராஸுக்குப் போய்விடும். அது ரயிலின் குற்றமில்லை.

2019 செப்டம்பரோடு எங்கள் பாதையில் 313 நின்றது. பதிலுக்கு வந்த கிளாஸ் 717 ரயிலில் குளிர்சாதனம் இருக்கிறது, ஆறு பெட்டிக்குள்ளும் நடந்து போகலாம். வசதியில் இதுதான் மேல், சந்தேகமில்லை. கழிப்பறை மட்டும் இதிலும் இல்லை.

2010இலேயே 19 செட்டுகள் இங்கிலாந்தின் தென்கடற்கரைக்குப் போயிருந்தன. அங்கே 2023 வரை ஓடின. 2022 கோடையில் அதில் ஏறுவதற்காகவே பிரைட்டன் போய் சீஃபோர்டு வண்டி பிடித்தேன். அந்தப் பக்கம் முழுக்க மூன்றாம் தண்டவாளம்தான், மாற்ற வேண்டிய மின்சாரம் எதுவும் கிடையாது. அதே இரைச்சல், அதே குலுக்கல். ஜன்னலில் சுவருக்குப் பதில் புல்வெளியும் ஆறும். வழியில் லூயிஸ் நிலையத்தில் வண்டி நின்றபோது பழக்கத்தில் அந்த நிசப்தத்துக்காகக் காத்திருந்தேன். இரைச்சல் அடங்கவில்லை. கதவு மூடி, வண்டி கிளம்பியது.