அலிஃப், பா தொடங்குவது எங்கே: மத்ரஸாவா, செயலியா, தமிழெழுத்து நூலா?

கோவை உக்கடத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களில், பிள்ளைக்கு ஐந்து வயதானதும் அரபி எழுத்தைப் பள்ளிவாசல் மத்ரஸாவில் தொடங்குவதா, கைபேசிச் செயலியிலா, தமிழில் ஒலிபெயர்த்த நூலைக் கொண்டு வீட்டிலேயேவா என்ற பேச்சு வந்துவிடும்.

ஒலிபெயர்ப்பு நூலை முதலிலேயே தள்ளிவிடலாம். நம் ககரத்தை ஒத்த ஓர் எழுத்தும், நாவின் அடி உள்நாக்கைத் தொடும் இடத்தில் பிறக்கும் மற்றோர் எழுத்தும் அரபியில் உண்டு. முன்னதை இட்டால் 'கல்ப்' என்பது நாய். பின்னதை இட்டால் இதயம். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும்.

செயலியின் பலம் வடிவத்தில் இருக்கிறது. 28 எழுத்துகளில் பெரும்பாலானவை சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் உருமாறுகின்றன. ஆறு எழுத்துகள் மட்டும் அடுத்ததோடு சேர்வதில்லை. எழுத்துகள் தனித்தனியே நிற்கும் தமிழைப் பழகிய பிள்ளைக்கு இது புதிர். கோடு வலமிருந்து இடமாக ஓடி இணைவதைத் திரையில் பார்த்தால் சட்டெனப் பிடிபடுகிறது. காதுதான் அதற்குப் போதவில்லை. தொண்டையிலிருந்து எழ வேண்டிய 'ஐன்' எழுத்தை என் மகள் வெறும் அகரமாகச் சொன்னபோதும் செயலி நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டியது.

மத்ரஸா ஆசிரியரான ஹஜ்ரத் அப்படி விடவில்லை. தம் தொண்டையில் விரலை வைத்துக் காட்டி, "கண்ணு, இன்னும் உள்ளிருந்து வரோணும்" என்று நான்கு நாள் அதிலேயே நிறுத்தினார். அங்கும் குறை உண்டு: ஒருவருக்கு நாற்பது பிள்ளைகள். உயிர்க்குறிகளை மத்ரஸாவில் ஜபர், ஜேர், பேஷ் என்றும், செயலியில் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்றும் சொல்வதால், இரண்டும் ஒன்றே என்று நான் விளக்கும்வரை ஒரு வாரம் குழம்பினாள்.

பண்பாட்டைப் பொறுத்தவரை, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்வது, ஸலாம் சொல்வது, வலக்கையால் வாங்குவது என்று மத்ரஸா நடத்தையாகப் பழக்குகிறது. செயலி ஒட்டகத்தையும் பேரீச்சையையும் காட்டி நிறுத்திக்கொள்கிறது. அரபி நம் தெருவிலேயே புழங்குவதை இரண்டுமே சொல்வதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நாள்தோறும் கேட்கும் 'பாக்கி', 'வசூல்', 'அசல்' ஆகியவை அரபியிலிருந்து வந்தவை. 'பாக்கி'யில் இருப்பது உள்நாக்குக் ககரம், 'வக்கீல்' என்பதில் இருப்பது சாதாரணக் ககரம் என்று சொல்லிக் கொடுத்தால், அந்த இரண்டு எழுத்துகளும் பிள்ளைக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. இந்தப் பங்கைப் பெற்றோர்தான் ஏற்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அதிகாலைத் தொழுகையான சுபுஹுக்குப் பின், பள்ளி வேன் வருமுன் மத்ரஸா. மாலையில் பத்து நிமிடம், எழுதிப் பழக மட்டும் செயலி. ஹஜ்ரத் ஓர் எழுத்தின் ஒலியைச் சரி என்று சொன்ன பிறகே அதைத் திரையில் திறக்கிறோம்.